கடனுக்குப் பத்திரம் எழுதுகிறோம். பிள்ளையின் விடுமுறைக்கு ஏன் எழுதுவதில்லை?





பள்ளிக்கூடங்களில் ஆண்டுத் தேர்வு முடியும் தறுவாயில் நம் மஹல்லாக்களில் ஒரு சச்சரவு ஆண்டுதோறும் தவறாமல் தலைதூக்குகிறது. தலாக்கினாலோ குலாவினாலோ பிரிந்துவிட்ட பெற்றோரின் பிள்ளைகள் கோடை விடுமுறையில் யாரிடம் இருப்பது என்பதே அது. ஏப்ரல் இறுதியில் கிளம்பும் இந்த வழக்கு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அடங்கிவிடுகிறது. வழக்குத் தீர்ந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். விடுமுறை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரிவு முடிவாகும் அன்று ஜமாஅத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மஹர், கிராம் கணக்கில் நகை, சீர்ப் பாத்திரங்கள், கட்டில், பீரோ, இத்தாக் காலச் செலவு என அனைத்துக்கும் பட்டியல் உண்டு. இரு தரப்புக் கையொப்பமும் உண்டு. பிள்ளை என்று வரும்போது மட்டும், "தாயிடம் இருக்கும், தகப்பனார் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறோம். பீரோவுக்கு இருக்கும் தெளிவு பிள்ளைக்கு இல்லை. அந்த "அவ்வப்போது" என்னும் சொல்லுக்குள்தான் பின்னால் வரும் அத்தனை சண்டையும் குடியிருக்கிறது.

இதில் நம் மத்ரஸாக்களுக்கும் பங்குண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கோடைகாலத் தீனிய்யாத் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதிவந்தான். வளைகுடாவில் பணிபுரியும் அவனுடைய தகப்பனார் 30 நாள் விடுப்பில் ஊர் வந்திருந்தார். பிள்ளையைப் பத்து நாளேனும் தம்முடன் வைத்துக்கொள்ள விரும்பினார். தாய் வீட்டார் மறுத்தனர். "பிள்ளைக்கு மத்ரஸா இருக்கிறது, ஓதலைக் கெடுக்க முடியாது" என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்குச் சான்றாக நம்மிடமே ஒரு கடிதம் கேட்டார்கள். நாமும் சிந்திக்காமல் எழுதிக் கொடுத்தோம். தகப்பனாரோ மறுநாள் வகுப்பு நேரத்திலேயே வாசலில் ஆட்டோவை நிறுத்திப் பிள்ளையைத் தூக்கிச் செல்ல முயன்றார். தெருவே கூடிவிட்டது. முடிவில், ஏழெட்டுப் பெரியவர்கள் சுற்றி அமர்ந்திருக்க, ஜமாஅத் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டு அவர் விமானம் ஏறினார்.

அடுத்த நாள் அச்சிறுவன் நம்மிடம் கேட்டான்: "ஹஜ்ரத், நான் ஓத வராமல் இருந்திருந்தால் அத்தாவோடு போயிருக்கலாமா?"

அல்லாஹ்வின் வேதத்தை, தன் தகப்பனுக்கும் தனக்கும் நடுவே நிற்கும் சுவராக ஒரு பிள்ளை எண்ணும்படி செய்துவிட்டோம். அக்கடிதத்தை எழுதியது நம் கைதான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கடன் கொடுக்கல் வாங்கலில் தவணையைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம். பணத்தின் தவணைக்கே இத்தனை பேணுதல் வேண்டுமெனில், அமானிதமாகிய பிள்ளையின் நாட்களை வாய்ப்பேச்சில் விடுவது என்ன நியாயம்? அதே அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பிள்ளையைக் காரணமாக்கித் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. பால்குடியை மறக்கடிப்பதற்குக்கூட இருவரின் சம்மதத்தையும் ஆலோசனையையும் அங்கே அல்லாஹ் குறிப்பிடுகின்றான். பால் மறக்கடிக்க ஆலோசனை வேண்டும்; ஐந்து வார விடுமுறைக்கு வேண்டாமா?

"இதெல்லாம் நீதிமன்றம் கொண்டுவந்த பழக்கம்; ஷரீஅத்தில் ஏது கால அட்டவணை?" என்று கேட்போர் உள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலாக நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜைத் திறந்து பாருங்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதில் என்ன கூறுகிறார்கள்? விபரம் அறியும் வயதை அடைந்த ஆண்பிள்ளை தாயைத் தேர்ந்தெடுத்தால், இரவில் தாயிடமும், ஒழுக்கமும் கல்வியும் தொழிலும் பயில்வதற்காகப் பகலில் தந்தையிடமும் இருப்பான் என்கிறார்கள். தந்தையைத் தேர்ந்தெடுத்தால், தாயைச் சந்திப்பதைத் தந்தை தடுக்கலாகாது என்கிறார்கள். இரவு ஒருவருக்கு, பகல் ஒருவருக்கு எனப் பிரித்தது கால அட்டவணை அன்றி வேறென்ன? ஹனஃபீ மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளை பருவமெய்தும் வரையிலும் தாயின் ஹளானத்தில் இருப்பர். அது வளர்க்கும் உரிமையே. மற்றவரின் முகத்தை மறைக்கும் உரிமை ஆகாது.

பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தகப்பன்மாருக்கும் ஒரு செய்தி உண்டு. மணவிலக்குச் செய்திருந்த மனைவியின் வழிப் பிறந்த மகன் ஆஸிம், குபா பள்ளிவாசலின் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், அவரைப் பிடித்துத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். தாய்வழிப் பாட்டி தொடர்ந்து வந்து வாதிட்டார். வழக்கு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பிள்ளையைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) அவர்கள் மறுவார்த்தை பேசவில்லை என்று முவத்தா பதிவு செய்கிறது. உமரே அடங்கிய இடத்தில் ஆட்டோவுடன் நிற்க நமக்கென்ன தகுதி?

"அவர் நஃபகா தருவதில்லை, நாங்கள் ஏன் பிள்ளையை அனுப்ப வேண்டும்?" என்பது தாய் வீட்டாரின் கேள்வி. நஃபகா தகப்பனின் மீதுள்ள கடமை. தராதவரை ஜமாஅத்தும் நீதிமன்றமும் கேட்கட்டும், நாமும் கேட்போம். ஆனால் தகப்பனின் முகம் நஃபகாவுக்கு ஈடாக வைக்கும் அடகுப்பொருள் அன்று. "பிள்ளையை அனுப்பாவிட்டால் பணம் இல்லை" என்னும் தகப்பனும் அதே அடகுக் கடையைத்தான் மறுபுறம் இருந்து நடத்துகிறார்.

குடி, அடிதடி, பிள்ளையுடன் தலைமறைவாகிவிடும் அச்சம் ஆகியவை உள்ள இடங்களில் பிள்ளையின் பாதுகாப்பே முந்தியது. அங்கே இரவுத் தங்கல் வேண்டாம். நம்பிக்கைக்குரிய உறவினர் முன்னிலையில் பகற்பொழுதுச் சந்திப்பே போதும். அதையும் எழுதியே வைக்க வேண்டும்.

எழுதுவது பெரிய காரியமன்று. தேர்வு அட்டவணை வந்ததுமே, மார்ச் மாதத்திலேயே, இரு வீட்டாரும் அமரட்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை யாரிடம், அழைத்துச் செல்பவர் யார், திருப்பி விடுபவர் யார், பயணச் செலவு எவருடையது, மற்றவர் எந்நேரத்தில் தொலைபேசியில் பேசலாம் என்பவை இடம்பெறட்டும். வளைகுடாவிலிருந்து வருபவர் தம் விடுப்புத் தேதியைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே தெரிவிக்கட்டும். சில ஆண்டுகளாக ஹஜ்ஜுப் பெருநாள் கோடை விடுமுறையை ஒட்டியே வருகிறது. பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னதாக நகர்வதால், அதைத் தேதியிட்டு எழுதாமல் பெயரிட்டு எழுதுங்கள்: நோன்புப் பெருநாள் ஒருவரிடம் எனில் ஹஜ்ஜுப் பெருநாள் மற்றவரிடம், அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம்.

விபரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தைத் தனியே, கனிவாகக் கேளுங்கள். சபையில் நிறுத்தி "அத்தாவா, அம்மாவா" என்று கேட்காதீர்கள். ஒப்படைக்கும் இடம் காவல் நிலையமாகவோ ஜமாஅத் அலுவலகமாகவோ இல்லாமல், இரு தரப்புக்கும் வேண்டிய ஓர் உறவினர் வீடாக இருக்கட்டும்.

ஜமாஅத்தின் எழுத்து நீதிமன்றத் தீர்ப்பாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மீறப்படும் என்ற ஐயம் இருப்பின், உடன்பாட்டைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து ஆணையாகப் பெறுவதில் குற்றமில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் பிள்ளையின் நலனையே கருதச் சொல்கிறது.

முத்தவல்லிகளே! மணவிலக்குப் பதிவேட்டில் நகைப் பட்டியலுக்குக் கீழே பிள்ளையின் நாட்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அது நிரம்பாமல் கையொப்பம் வாங்காதீர்கள்.

உஸ்தாதுகளே! பிள்ளையைத் தடுத்து வைப்பதற்கான கடிதம் இனி நம் மத்ரஸாக்களிலிருந்து போகக் கூடாது. தகப்பனாரின் ஊரிலும் மக்தப் இருக்கிறது. ஓதிய பாடத்தைத் தாளில் குறித்துக் கொடுத்தனுப்புவோம். பத்து நாள் அங்கே ஓதி வரட்டும். அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியை இன்னொரு பிள்ளை எவரிடமும் கேட்க நேரக் கூடாது.

பிரிந்த இதயங்களிலும் நீதியை நிலைநிறுத்த வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.