கோடா, புள்ளியா?

கணிப்பொறியில் அசைவூட்டப் படம் செய்யப் பழகும் மாணவர் முதல் வாரத்திலேயே ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். புதிய அடுக்கு ஒன்றை உருவாக்கப் புகுந்தால், வெக்டர் அடுக்கு வேண்டுமா, ராஸ்டர் அடுக்கு வேண்டுமா என்று மென்பொருள் கேட்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஓப்பன்டூன்ஸ், பென்சில்2டி ஆகிய இரண்டிலும் இதே நிலைதான். பின்னது ராஸ்டரைப் பிட்மேப் என்று வழங்கும். கணிப்பொறி கற்றோர் பலர் தயக்கமின்றி ‘வெக்டர்’ என்றே விடை பகர்கின்றனர். எவ்வளவு பெரிதாக்கினும் உடையாது, கோப்பும் சிறியது, ஆகலின் அதுவே உயர்ந்தது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் பாதி உண்மையுண்டு. மறுபாதியால் நம் எழுத்துக்கும் நம் வட்டாரக் கைவண்ணத்துக்கும் நேரக்கூடிய இழப்பே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். எழுத்து எங்கே உருக்கொள்கிறதோ அங்கே தமிழாசிரியனுக்கும் வேலையுண்டு என்பதே என் விடை.

மேலும், படக்கலை சேலத்துக்கு அயலானதன்று. டி.ஆர்.சுந்தரம் 1935இல் இங்கு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்துதான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வெளிவந்தது. ஏற்காடு சாலையிலுள்ள அதன் நுழைவு வளைவை அறியாதார் இவ்வூரில் இலர்.

இரு சொற்களின் பொருளை முதலில் தெளிதல் வேண்டும். வெக்டர் என்பது வடிவத்தைக் கணக்காக எழுதிவைக்கும் முறை. ‘இவ்விடத்தில் தொடங்கு, இவ்வளவு வளை, அவ்விடத்தில் முடி’ என்ற கட்டளைகளே அக்கோப்பில் இருக்கும். திரையில் காட்டும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி அக்கோட்டைப் புதிதாக வரைந்து தரும். பிரான்சில் சிட்ரோன் நிறுவனத்துக் காஸ்டெல்ஜோவும் ரெனோ நிறுவனத்துப் பெசியேவும் மோட்டார் வண்டியின் உடல்வளைவுகளை வரையறுக்கக் கண்ட கணக்கே இன்றைய வெக்டர் கோட்டின் அடிப்படை. ராஸ்டர் என்பது கட்டம் கட்டமாகப் பகுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம் குறித்துவைப்பது. கணக்கு அங்கில்லை, கண்டது கண்டவாறு பதிவாகியிருக்கும்.

வாசலில் சிக்குக்கோலம் இடும் பெண்டிர் முன்னதை நன்கறிவர். ஐந்து புள்ளி வைத்தாலும் பதினைந்து புள்ளி வைத்தாலும் கோடு வளையும் நெறி ஒன்றே. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இலேயே கோலத்துக்குக் கணிப்பொறி இலக்கணம் கண்டு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார் என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தி. கணிப்பொறியும் கோலமும் அன்றே ஒரு மேசையில் அமர்ந்துவிட்டன.

பின்னதை, அதாவது ராஸ்டரை, நம் நெசவாளர் அறிந்த அளவு வேறு எவர் அறிவார்? இளம்பிள்ளையில் சேலை நெய்வோர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். சேலைக் கரைக்கோ முந்திக்கோ ஒரு மயிலோ மாங்காயோ வேண்டுமென்றால், முதலில் அது கட்டத்தாளில் ஏறவேண்டும். நெடுக்கே செல்லும் கட்டவரிசை பாவு நூல். குறுக்கே செல்லும் கட்டவரிசை ஊடை நூல். நிறம் தீட்டிய கட்டத்தில் பாவு மேலே எழும், தீட்டாத கட்டத்தில் எழாது. அதன்படியே அட்டையில் துளையிட்டு ஜக்கார்டுப் பெட்டியில் கோப்பர். ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்குரியது. அட்டைகளுக்கு மாற்றாக மின்னணு ஜக்கார்டு வந்த இடங்களிலும் கட்டம் கட்டமாகவே மயில் பிறக்கிறது. சின்னக் கரைக்கு வரைந்த மயிலைப் பெரிய முந்திக்கு அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் கழுத்து வளைவு படிக்கட்டாகிவிடும். ஆதலால் வடிவமைப்பாளர் அதைப் பெரிதாக்குவதில்லை. எத்தனை நூல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் புதிதாகவே வரைகிறார். கட்டத்தில் எந்தப் புள்ளியை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் அவர் கலை இருக்கிறது. அத்தகைய வீட்டிலிருந்து வரும் மாணவனிடம் ‘ராஸ்டர் தாழ்ந்தது’ என்று ஒருவர் பாடம் சொன்னால், அவன் தந்தையின் கைத்தொழில் அறிவு முழுவதையும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியதாகாதா?

உலக அனுபவமும் அவ்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை. இத்தாலியில் உருவான டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் கிப்ளி படக்கூடம் 1997இல் வெளிவந்த ‘இளவரசி மோனோனோகே’ தொட்டுப் பயன்படுத்தியது. அதன் வழிவந்ததே 2016இல் அனைவர்க்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட ஓப்பன்டூன்ஸ். கையால் தாளில் வரைந்து, படியெடுத்து, புள்ளிகளாகவே வைத்து வண்ணம் தீட்டினர். அங்கு டூன்ஸ் ராஸ்டர் என்றொரு நடுவழியும் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் வண்ணத்தை நேரே சுமக்காமல் வண்ணப்பட்டியலின் எண்ணைச் சுமக்கும். பட்டியலில் ஒரு நிறத்தை மாற்றினால் நூறு படங்களிலும் சட்டை நிறம் ஒருங்கே மாறும். புள்ளியின் உயிரோட்டமும் கணக்கின் வசதியும் சேர்ந்த ஏற்பாடு இது.

வெக்டருக்கு உரிய இடத்தை யான் மறுக்கவில்லை. எழுத்து அதன் இயல்பான களம். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ‘அ’ எங்கே தொடங்கி எவ்வழியே சுழித்து எங்கே முடிகிறது என்று காட்டும் சிறு படம் செய்வதாயின், வெக்டர் அடுக்கையன்றி வேறொன்றை நாடலாகாது. கைபேசியிலும் காணலாம், கல்லூரி அரங்கின் பெருந்திரையிலும் காணலாம். சுழி எங்கும் பிசிராது. முதல் நிலையையும் இறுதி நிலையையும் வரைந்தால் இடைநிலைப் படங்களை மென்பொருளே இட்டுத் தருவதும் பெரும் உதவி. சிக்கனமும் கருதத்தக்கதே. ஒரு நொடிக்கு 24 படம், ஒரு வரைவு இரு படத்துக்கு எனக் கொண்டால் ஒரு நிமிடத்துக்கு 720 வரைவு வேண்டும். 1920க்கு 1080 என்ற அளவில், சுருக்காமல் வைத்தால் ஒரு வரைவு ஏறத்தாழ 83 லட்சம் பைட். ஒரே அடுக்குக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 கோடி பைட். பழைய கணிப்பொறிகள் கொண்ட ஆய்வகத்துக்கு இது சுமைதான். எனினும் சுருக்கும் முறைகள் உள்ளன, நினைவகமும் மலிந்துவிட்டது. இக்காரணம் ஆண்டுதோறும் வலுவிழந்து வருகிறது.

நான் அஞ்சுவது இவ்விரண்டில் எதையும் அன்று; ஒன்றை மற்றொன்றாக இயந்திரத்திடம் விட்டு மாற்றுவதையே. கொல்லிமலையின் மாலைநேரத்தைக் கரிக்கோலால் தீட்டிய ஓர் ஓவியத்தை மென்பொருளிடம் கொடுத்து வெக்டராக்கச் சொன்னால், கரியின் மென்சாயல் ஆயிரம் துண்டு வடிவங்களாகச் சிதறும். கோப்பு சிறியதாகும் என்று நம்பியது பொய்த்து, மூலத்தினும் பெரியதாகவும் ஆகலாம். மலை போய்விடும், துண்டுகள் எஞ்சும்.

எழுத்தில் இக்கேடு இன்னும் நுட்பமானது. படத்தை வெக்டராக்கும் கருவிகளில், சிறு புள்ளிகளை அழுக்கென்று கருதி நீக்கும் ஏற்பாடு உண்டு. இங்க்ஸ்கேப்பில் அதை ஸ்பெக்கிள்ஸ் என்பர். தூசியை நீக்க வந்த கருவிக்குத் தூசி எது, புள்ளி எது என்று தெரியாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியே அடையாளம் என்று தொல்காப்பியம் வகுத்த மொழி நம்முடையது. புள்ளி போனால் ‘கல்’ ‘கல’ ஆகும். ‘மண்’ ‘மண’ ஆகும். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் அதை விடுத்ததனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அப்பாட்டைக் கணிப்பொறி வாயிலாக மீண்டும் வரவழைப்பது அறிவுடைமை ஆகாது.

அரபுத்தமிழ் ஏடுகளுக்கு இது மேலும் பொருந்தும். தமிழுக்கே உரிய ஒலிகளை அரபு எழுத்தில் குறிக்க, இருந்த எழுத்துகளுடன் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். அரபு எழுத்திலும் ஒரே உடலில் புள்ளி மேலா கீழா, ஒன்றா இரண்டா என்பதைக் கொண்டே எழுத்து வேறுபடும். பழுப்பேறிய தாளில் பூச்சி அரித்த துளையும் உண்டு, எழுதுகோல் வைத்த புள்ளியும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது படிக்கத் தெரிந்த கண்ணின் வேலை. இவ்வேடுகளைத் ‘தூய்மைப்படுத்தி’ அசையும் எழுத்துகளாகக் காட்டலாம் என்று ஆர்வமுள்ள இளைஞர் சிலர் முன்வருகின்றனர். ஆர்வம் போற்றற்குரியது. ஆயின் முதற்படி நல்ல அளவில் எடுத்த ராஸ்டர் படியாகவே இருத்தல் வேண்டும். அதில் ஒரு புள்ளியும் நீக்கப்படலாகாது. அசைவூட்டத்துக்கான வெக்டர் எழுத்தை அப்படியின்மேல் தனி அடுக்கில், படித்துப் படித்து, கையால் வரைய வேண்டும். அடுக்கு என்ற வசதி இருப்பதே இதற்குத்தான். மேலடுக்கில் பிழை நேர்ந்தாலும் கீழடுக்கில் மூலம் சிதையாமல் நிற்கும்.

கோப்பின் வடிவம் குறித்தும் ஒரு சொல். ஒரு காலத்தில் வெக்டர் அசைவூட்டம் என்றாலே ஃபிளாஷ் என்றிருந்தது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. அதிலே மட்டும் பாடங்களைச் செய்து வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். பொதுத் தரமாக உள்ள எஸ்விஜி, பிஎன்ஜி வடிவங்களில் ஒரு படி எப்போதும் வைத்திருத்தல் நலம்.

நம் துறையும் கணிப்பொறித் துறையும் சேர்ந்து இவ்வாண்டு உயிரெழுத்து பன்னிரண்டுக்கும் சிறு படங்கள் செய்யலாம் என்பது என் விழைவு. எழுத்து வெக்டர் அடுக்கில் இருக்கட்டும். பின்னணியில் வரும் மரவள்ளிக் காடும் தறிக்கூடமும் மாணவர் தாளில் தீட்டியவாறே ராஸ்டர் அடுக்கில் இருக்கட்டும். கட்டத்தாளில் மயில் வரையும் வடிவமைப்பாளர் ஒருவரை இளம்பிள்ளையிலிருந்து அழைத்து ஒருநாள் வகுப்பெடுக்கச் செய்யலாம். அரபுத்தமிழ் ஏடுகளைக் கைக்கொள்ளும் நாளில், அவ்வெழுத்தைப் படிக்கவல்ல பெரியவர் ஒருவர் திரையருகே அமர்ந்து புள்ளி புள்ளியாகச் சரிபார்க்க வேண்டும். அத்தகைய பெரியோர் நம்மிடையே சிலரே எஞ்சியுள்ளனர். இப்பணியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க இயலாது.