கையாற் செய்து நண்பர்க்கு ஈதல்

விழாக் காலங்களில் எமது நாட்டிலே ஓயாது கைமாறிச் செல்லும் பொருள் ஒன்று உண்டு. அதற்குப் பொன்னாடை என்று பெயர். அதிலே பொன்னுமில்லை, ஆடையாக உடுத்தவும் இயலாது. செயற்கை இழையில் நெய்து, சரிகைக் கரையிட்டு, கட்டுக் கட்டாகக் கடைக்கு வந்திறங்கும் அதனை நாம் ஒருவர்க்குப் போர்த்துகின்றோம். அவர் அதனை அலுமாரியில் வைக்கின்றார். அடுத்த திங்களில் வேறொரு விழா மேடையிலே அது இன்னொருவர் தோளில் ஏறுகின்றது. போர்த்தியவரும் போர்த்தப்பட்டவரும் அதனை மறந்து விடுகின்றனர்.

யூபிலி மலருக்கு எழுதப் புகுந்த நாம் பொன்னாடையைப் பழிப்பதோடு நின்றுவிடின் அது முறையாகாது. அதற்கு ஈடாக எதனைக் கொடுப்பது என்பதையும் கூறல் வேண்டும். நண்பர்க்கும் மதிப்புக்குரியோர்க்கும் ஒன்று கொடுக்க விரும்புவோர், தம் கையாலோ தம் வீட்டார் கையாலோ ஆக்கிய ஒன்றையே கொடுக்கப் பழகுதல் வேண்டும் என்பது எமது கருத்து. வன்னியிலே அதற்கு வேண்டிய பொருள் உண்டு. அறிவும் இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. ஆயினும் அவ்வறிவு எமது பாட்டிமாரின் விரல்களோடு போய்விடும் நிலையில் உள்ளது. ஆதலினாலேயே இதனை இப்பொழுது எழுதுகின்றோம்.

பூநகரியிலும் பச்சிலைப்பள்ளியிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் பனை நிற்கின்றது. குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமுள்ள சார்களாக வார்ந்து, நீர் தெளித்துப் பதமாக்கி இழைக்கத் தொடங்கினால், சதுரமான அடியிலிருந்து வட்டமான வாய் எழுகின்றது. கணிதம் கற்பிக்கும் எமது ஆசிரியர்கள் இதனை ஒருமுறை அருகிருந்து பார்த்தல் நன்று. சதுரம் எவ்விடத்தில் வட்டமாயிற்று என்று இழைக்கின்ற அம்மையாரைக் கேட்டால் அவர் சிரிப்பார்; அவருடைய விரல்களுக்கு மட்டும் அது தெரியும். கடகமாயின் இரட்டை ஓலையில் இழைத்து, வாயை நாரினாற் பொத்துவர். அத்தகைய கடகம் நெல்லும் மண்ணும் சுமந்து ஆண்டுக்கணக்காக உழைக்கும். சுளகு, உமல், பாய், திருகணை, முதியோர் மடியில் வெற்றிலை பாக்கோடு கிடந்த கொட்டப்பெட்டி என இவ்வகைப் பொருள்கள் பலவாம். நீத்துப்பெட்டியில் அவித்த புட்டையும் உலோகக் குழலில் அவித்த புட்டையும் உண்டு பார்த்தவர்க்கு வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவற்றுட் பல விற்பனைக்கென்று இழைக்கப்பட்டவை அல்ல. மாரி காலத்து ஓய்விலே திண்ணையில் இருந்து இழைத்த பெட்டி, மணமாகிச் செல்லும் அயல் வீட்டுப் பெண்ணுக்குச் சென்றது; புது வீடு புகுந்தவர்க்குப் பாய் சென்றது. ஒடியல் மா நிறைந்து வந்த பெட்டி முருங்கைக்காயோடு திரும்பும். வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்புதல் எமது ஊர்களில் வழக்கமன்று. பெட்டி எவருடையது என்பதே சில வேளை மறந்துபோகும். இரு வீட்டுக்கும் பொதுவாகிவிடும்.

பழைமையைப் போற்றும் எழுத்தாளர் பலர் இவ்விடத்தோடு நின்று விடுவர். நாம் அவ்வாறு நிற்க விரும்பவில்லை. முன்னாளிலே கைப்பொருள் கைமாறிய இடமெல்லாம் நட்பு இருந்தது என்று சொல்லுதல் உண்மைக்கு மாறானது. சட்டி வனைந்தவரும், துணி வெளுத்தவரும், பெட்டி இழைத்து வாழ்ந்தவரும் குடிமை முறையிலே கட்டுண்டு, சூடு மிதிக்கும் காலத்திற் களத்தின் ஓரத்தில் நின்று நெல் பெற்றுச் சென்றனர். அவர் செய்த பாயிலே இருந்தவர் அவரைத் தம்மோடு பாயில் இருத்தவில்லை. கைத்தொழில் இழிந்தது என்ற எண்ணம் அங்கிருந்தே வந்து, பின்னர் பள்ளிக்கூடத்திலும் புகுந்து, கைப்பணி என்பது படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு உரிய பாடம் என்று பெற்றோரை எண்ணச் செய்தது. எனவே நாம் கேட்பது பழைய வழக்கத்தை அப்படியே மீட்பதன்று. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே பாயில் இருக்கும் பகிர்வையே கேட்கின்றோம். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்த எமக்கு அது கடினமானதாக இருத்தல் ஆகாது.

இத்தகைய சமமான பகிர்வை வன்னி மக்கள் ஓரளவு கண்டது, வருந்தத் தக்க வகையில், போர்க் காலத்திலேயாம். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் முதலியன கிடைத்தற்கு அரியவாயின. ஜாம் போத்தலுக்குள்ளே சிறு திரி ஏற்றிச் செய்த விளக்கின் ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதியோர் எமது பழைய மாணவருட் பலர். நன்றாக எரியும் விளக்கைச் செய்யத் தெரிந்த மாணவன் நண்பர்க்கும் செய்து கொடுத்தான். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தனர். கொடியிற் காயும் சட்டையின் மணத்துக்கு மாடு வந்து சப்பித் தின்ற கதைகளை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வர். 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் வெறிச்சோடிய பின்னர் யாழ்ப்பாணத்து மக்களிற் பெருந்தொகையினர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். அடுத்த ஆண்டு கிளிநொச்சி நகரத்தாரும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எனப் பெயர்ந்தனர். வந்தவர்க்கு இருந்தவர் முதலிற் கொடுத்தது கிடுகு. பின்னத் தெரியாத நகரத்துக் கைகள் அங்கே பின்னப் பழகின. குலம் கேட்டுக் கிடுகு பின்னுவதற்கு மழை இடங்கொடுக்கவில்லை.

2009ஆம் ஆண்டை நாம் சுருக்கமாகவே சொல்ல முடியும். மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரை உள்ள மணற்பாங்கான கரையிலே பதுங்குகுழி வெட்டினால் மண் சரிந்து விழும். சாக்கு இல்லை. ஊர் ஊராகப் பெயர்ந்தபோதும் கைவிடாது காவி வந்த பெட்டிகளைத் திறந்து, பெண்கள் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தனர். கூறைச் சேலையும் அதிற் போயிற்று. பச்சையும் சிவப்பும் நீலமுமாகச் சரிகை மின்ன அடுக்கப்பட்ட மண்மூட்டைகளைப் பார்த்தவர்கள் இம்மலரைப் படிப்போருள்ளும் இருக்கின்றனர். தம் குழிக்கு வேண்டியதைத் தைத்தபின், கைக்குழந்தையோடு இருந்த அயலவர்க்கும் தைத்துக் கொடுத்தவர் உண்டு. வன்னியில் ஒருவர் மற்றொருவர்க்குத் துணியில் தைத்துக் கொடுத்தவற்றுள் அவற்றுக்கு மேலானவற்றை நாம் அறியோம்.

அதன் பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். முட்கம்பிக்குள் இருந்த மக்களுக்கு உடை வேண்டியிருந்தது, உடையும் வந்தது. அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் வந்த பொதிகளுள் ஒன்றிலே தெறி அறுந்த சட்டைகளும், குளிர் நாட்டுக் கம்பளி அங்கிகளும், ஒற்றைக் காலுறையும் இருந்தன. ஒருவர் தமக்கு வேண்டாததைக் கொடுப்பதற்கும் மற்றொருவர்க்கு வேண்டியதை ஆக்கிக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அப்பொதியை அவிழ்த்தபோது எமக்குப் புலனாயிற்று. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. வேண்டாததைக் கட்டி அனுப்பும் வழக்கம் மூடப்பட்டதாகத் தெரியவில்லை. வெளிநாடுகளில் வாழும் எமது பழைய மாணவர்க்கு இதனை நண்பர் என்ற உரிமையோடு சொல்கின்றோம்.

மீள்குடியேற்றத்தின் பின்னர் ஊர்தோறும் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. கணவரை இழந்த பெண்கள் பலர் அவற்றைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினர். ஆயினும் ஒரே ஒழுங்கையில் ஐந்து வீடுகளுக்கு ஐந்து இயந்திரங்கள் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது என்று எண்ணிப் பார்த்தோர் குறைவு. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனமும் வவுனியாவில் ஒமேகா லைன் நிறுவனமும் ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவின. எமது மாணவரின் தமக்கைமாரும் தாய்மாரும் பலர் அவ்வகை வேலைக்குச் செல்கின்றனர். சம்பளம் வருகின்றது, அதனை இகழ்வோர் பசியறியாதவர். எனினும் நாள் முழுவதும் ஒரே மூட்டைத் தைத்துத் தைத்து அனுப்பும் பெண்ணுக்கு, ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைத்து, நண்பி ஒருத்தியின் தோளில் வைத்து அளவு பார்த்து மகிழும் பேறு அவ்வேலையிற் கிடைப்பதில்லை. ஒரே சீத்தைத் துணியில் தம் பிள்ளைகளுக்கும் அயல் வீட்டுப் பிள்ளைக்கும் பொங்கலுக்குச் சட்டை தைத்த தாய்மாரை நாம் கண்டிருக்கின்றோம். கோயில் வீதியில் அப்பிள்ளைகள் ஒரே நிறத்திற் செல்லும்போது, எவர் எவ்வீட்டார் என்று பிரித்தறிய முடியாது.

கையாற் செய்த பொருள் பகைவர் நடுவிலும் என்ன செய்ய வல்லது என்பதற்கு ஒரு வரலாறு கூறுவோம். காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து, கதர் நிதிக்குப் பொருள் திரட்டி, யாழ்ப்பாணத்துக்கும் சென்றதை எமது முன்னோர் பெருமையோடு பேசுவர். அதற்கு முன்னரே, தென்னாபிரிக்காவில், தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியின் அமைச்சரான ஜெனரல் சிமட்ஸுக்கு, தாம் சிறையிலிருந்து செய்த ஒரு சோடிச் செருப்பை அவர் 1914இல் அந்நாட்டை விட்டு நீங்கும்போது கொடுத்தார். சிமட்ஸ் அதனைக் கோடைகள் பலவற்றில் அணிந்து, 1939இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி, அதில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்ற கருத்துப்பட எழுதித் திருப்பி அனுப்பினார். கடையில் வாங்கிய செருப்பாயின் அவர் அதனை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருப்பாரா? செருப்புத் தைத்தல் இழிதொழில் என்று கருதிய சமூகத்திற் பிறந்த பாரிஸ்டர் ஒருவர் அதனைத் தைத்தார் என்பதையும் எமது மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

எமது கருத்துக்கு மறுப்பும் உண்டு. ஓலைப் பெட்டி இழைத்து விற்று வாழும் பெண்கள் இருக்கின்றனரே. எல்லோரும் தாமே இழைத்து நண்பர்க்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினால் அவர் பொருளை யார் வாங்குவர் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1970க்கும் 1977க்கும் இடையில், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, நாடெங்கும் கைத்தறிகள் ஓடின. சந்தை திறந்துவிடப்பட்டதும் அவற்றுட் பல நின்றுபோயின. தறியை நிறுத்தியது நண்பர் தந்த துணியன்று, மலிவான துணியே. 1978ஆம் ஆண்டு முதல் பனை அபிவிருத்திச் சபை இயங்கி வந்தும் ஓலைக் கடகத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் கூடை பிடித்தமைக்கும் காரணம் அதுவே. அன்றியும், ஒரு பகல் முழுவதும் இருந்து, விரல் கீறுண்டு, கோணலாக ஒரு பெட்டியேனும் இழைத்தவன், சந்தையில் இழைப்புக்காரியிடம் விலை பேசிக் குறைக்க நாணுவான். அவனே அவருக்கு நல்ல வாடிக்கையாளன் ஆவான். ஒருபோதும் இழைத்தறியாதவனே, இது வெறும் ஓலைதானே என்று சொல்லுவான்.

ஆகவே, அதிபருக்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் நாம் சில கூறத் துணிகின்றோம். இந்த யூபிலியில் மேடையேறும் விருந்தினர்க்குப் பொன்னாடைக்குப் பதிலாக, மாணவரோ பெற்றோரோ இழைத்த பெட்டியைக் கொடுக்கலாம். கொழும்பிலிருந்து வரும் பெரியவர் கடகத்தைக் காரில் எவ்வாறு கொண்டு செல்வார் என்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே நாலு மாம்பழம் இருந்தாற் கொண்டு செல்வார். வகுப்புகளில் ஆண்டிறுதியிலே திருவுளச் சீட்டெடுத்து, ஒவ்வொரு மாணவனும் தன் சீட்டில் வந்த நண்பனுக்குத் தான் செய்த ஒன்றைக் கொடுக்கட்டும். ஒரு சதமேனும் செலவிடலாகாது என்பது விதியாயிருத்தல் வேண்டும். அல்லாவிடின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கடைக்குச் சென்றுவிடுவான். 1993 முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கிவரும் சீருடைத் துணியும் இங்கே நினைக்கத் தக்கது; அண்மைய ஆண்டுகளில் அத்துணியின் பெரும்பகுதி சீன நாட்டின் நன்கொடையாக வந்தது. எங்கிருந்து வந்தாலும் அதனைச் சட்டையாக்குவது எம்மூர்த் தையற்கைகளே. வளர்ந்துவிட்டமையாற் போதாமற்போன சீருடையை இளைய மாணவனுக்குக் கொடுக்குமுன், அறுந்த தெறியை அம்மாணவனே தன் கையால் தைத்து, கிழிசலை மூட்டி, தோய்த்து மடித்துக் கொடுக்கக் கற்பித்தல் வேண்டும்.

இழைக்கத் தெரிந்தோரை எங்கே தேடுவது என்று சிலர் வினவுவர். தூரம் போக வேண்டியதில்லை. மாணவர் தத்தம் அம்மம்மாவையும் அப்பம்மாவையும் கேட்கட்டும். போரில் எல்லாவற்றையும் இழந்து, இன்று மருமகள் வீட்டுத் திண்ணையிலே, தம்மிடம் எவரும் எதனையும் கேட்பதில்லை என்று இருக்கும் முதிய பெண்களுட் பலர் இவ்வித்தையை மறக்கவில்லை. அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து வருவோம். ஆசிரியர் கதிரையில் அமருமாறு நாம் வேண்டினாலும் அவர்கள் அமரமாட்டார்கள். ஓலை இழைப்போர் நிலத்திற் பாய் விரித்து, கால் நீட்டியிருந்தே இழைப்பர். ஆதலால் மாணவரும் ஆசிரியரும், பார்க்க வரும் பழைய மாணவரும், அன்று நிலத்திலேயே இருக்க நேரிடும்.