வீட்டுக்கு ஒரு சின்னக் கமரா

"பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்குக் கமரா?" இந்தக் கேள்வியைக் கலகெதரயில் இன்றும் கேட்கலாம். கேட்பவர்களின் பயம் நியாயமானதே. ஆனால் அவர்கள் பயப்பட வேண்டியது கமராவுக்கு அல்ல, படத்தை நொடியில் ஊரெல்லாம் அனுப்பிவிடும் கைத்தொலைபேசிக்குத்தான் என்பது என் கருத்து.

மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த சிறிய டிஜிட்டல் கமரா ஒன்று இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதில் சிம் இல்லை, வட்ஸ்அப் இல்லை, முகநூல் இல்லை. எடுத்த படம் மெமரி கார்டில் இருக்கும். யாராவது கார்டைக் கழற்றி எடுத்தாலன்றி, அல்லது வயரைக் கொழுவினாலன்றி, படம் வீட்டை விட்டுப் போகாது. போன் அப்படியல்ல. இட வசதி திறந்திருந்தால், எந்த இடத்தில் எடுத்தோம் என்பதையும் அது படத்தோடு சேர்த்து எழுதிவிடும்.

எங்கள் உம்மா போனுக்கு முன்னால் நிற்கவே மாட்டார். "எங்க போய்ச் சேருமோ" என்பார். அதனால் எங்கள் வீட்டுப் படங்களில் எல்லோரும் இருந்தோம், உம்மா மட்டும் இல்லை. இந்தக் கமரா வந்த பிறகுதான் பெருநாள் படத்தில் உம்மாவும் இருக்கிறார். படம் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பது தெரிந்தால் பெண்களின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

"பழைய கமராவில் படம் தெளிவாக வருமா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். ஆல்பத்தில் வைக்கும் 4×6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சல் அளவே போதும். 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் விற்பனைக்கு வந்தன. பெரும்பாலானவை இத்தகைய சின்னக் கமராக்களே. அவற்றில் ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியிலும் கிடக்கலாம். வெளியே எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள்.

கமரா பெண்களுக்கு ஆகாத பொருளுமல்ல. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்ணுக்கு 1863இல், 48 வயதில், மகள் கொடுத்த பரிசுதான் முதல் கமரா. உலகப் புகழ் பெற்ற அவர் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் நம் மலைநாட்டிலேயே இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். எடுத்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

அந்தக் குறையை நம் வீடுகளில் நாம் விடக்கூடாது. நல்ல படங்களைக் கழுவி எடுத்து, பின்பக்கத்தில் பெயரையும் திகதியையும் எழுதிவைக்க வேண்டும். உம்மும்மா இருக்கும்போது கேட்டு எழுதினால்தான் உண்டு.

தோழியரே, கமரா கையில் இருந்தால் கடமையும் உண்டு. கேட்காமல் யாரையும் எடுக்கக்கூடாது. வேண்டாம் என்று சொன்னவரின் படத்தை அவர் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கார்டில் அழித்த படம் உடனே மறைந்துபோவதில்லை. அதன் மேல் வேறொரு படம் பதியும்வரை மென்பொருளால் அதை மீட்டெடுக்கலாம். எனவே கமராவை விற்றாலும் கார்டை விற்காதீர்கள். ஸ்டூடியோவுக்கும் கார்டைக் கொடுக்காமல், வேண்டிய படங்களை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

பெற்றோரே, பிள்ளை படம் எடுக்கக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். போனுக்குப் பதிலாக ஒரு சின்னக் கமராவைக் கொடுத்து, இந்த ஒழுங்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் முகத்தைத் தேடும்போது, காட்டுவதற்கு ஒரு படம் வீட்டில் இருக்க வேண்டும்.