மூளையின் மீட்சி: அவசரத் தீர்ப்பு ஆகாது

2021 ஜூன் 12ஆம் திகதி கொப்பன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் திடீரெனச் சுருண்டு வீழ்ந்ததை உலகமே கண்டது. அவரது இதயத் துடிப்பு நின்றுபோயிருந்தது. அங்கேயே நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் அளிக்கப்பட்டதால் அவர் நினைவு திரும்பினார். மீண்டும் விளையாடவும் செய்தார்.

எல்லோருக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. குருதியோட்டம் தடைப்பட்ட சில நிமிடங்களிலேயே மூளைக் கலங்கள் மடியத் தொடங்குகின்றன. இதயம் மீண்டும் இயங்கிய பின்னரும் பலர் நினைவற்றே கிடக்கின்றனர். "கண் விழிப்பாரா?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் கேட்கும் கேள்விக்கு உடனடிப் பதில் கிடையாது.

நினைவு திரும்பாதோர் விடயத்தில் குறைந்தது 72 மணித்தியாலங்கள் பொறுத்திருக்க வேண்டுமென 2021இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல்கள் வலியுறுத்துகின்றன. கண்மணியின் ஒளித் துலங்கல், மூளை மின்னலைப் பதிவு, நரம்புச் சமிக்ஞைச் சோதனை, குருதிப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது. மயக்க மருந்தின் தாக்கம் நீங்கியதையும் உறுதி செய்தாக வேண்டும். 'இனிப் பயனில்லை' என்று அவசரப்பட்டுக் கருதிச் சிகிச்சையை நிறுத்தினால் நோயாளி இறப்பார்; பிழையான கணிப்பும் மெய்யாகிவிடும். பிழை நேர்ந்ததை எவரும் அறியப்போவதில்லை.

உடலை 33 பாகை செல்சியசுக்குக் குளிர்விப்பதே மூளையைக் காக்கும் என ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்டது. சுமார் 1,900 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு, அதனால் மேலதிக நன்மையைக் காணவில்லை. காய்ச்சலைத் தவிர்ப்பதே இன்று முதன்மை பெறுகிறது.

நமது நாட்டின் சகல வைத்தியசாலைகளிலும் இச்சோதனைகள் அனைத்தையும் எதிர்பார்க்க முடியாதுதான். ஆயினும் கண்மணியைச் சோதிப்பதற்கும், உடல் வெப்பநிலையைக் கவனிப்பதற்கும், பொறுத்திருப்பதற்கும் விலையுயர்ந்த இயந்திரங்கள் தேவையில்லை. நோயாளியின் நிலையைக் குடும்பத்தினருக்கு அவர்களது தாய்மொழியிலேயே விளக்குவதும் அவ்வாறானதே. உயிர் தப்பியோரைப் பீடிக்கும் மறதி, சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியனவும் வீடு திரும்பிய பின்னர் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்.

முதற் கடமை நம்முடையதே. ஒருவர் வீழ்ந்து நினைவும் சீரான மூச்சுமின்றிக் கிடந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, நோயாளர் காவு வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பதே மூளையைக் காக்கும். பாடசாலைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இப்பயிற்சியை வழங்க முன்வர வேண்டும்.