பிஸ்கட்டில் காட்டும் பேணுதல்

பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, விலங்குக் கொழுப்பு கலந்துள்ளதா எனப் படித்த பின்னரே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பேணுதல் நம்மிடம் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாரத்தான் பயிற்சியில் ஈடுபடும் நம் இளைஞர்கள், களைப்பு நீங்க விழுங்கும் கேப்சூல்களின் உறை எதனால் ஆனது என்று நாம் கேட்பதில்லை. அது பெரும்பாலும் ஜெலட்டின். பன்றித் தோலிலிருந்தும், மாட்டின் தோல், எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. தாவர உறையிட்டவையும் கிடைக்கின்றன. தேடி வாங்க வேண்டும்.

உறையைவிட உள்ளிருப்பதே நமக்குப் பெருங்கவலை. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஆதரவுடன் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம், 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப்பொருள்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 94 பொருள்களில், லேபிளில் குறிப்பிடப்படாத ஸ்டீராய்டுகள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய வீரர் 'அறியாமல் உண்டேன்' என்றாலும், தம் உடலுக்குள் சென்றதற்கு அவரே பொறுப்பு என்பதுதான் விதி.

நீண்ட ஓட்டத்தின் களைப்பு நோயன்று. தசையில் சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்திருக்கிறது, வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறியிருக்கின்றன, அவ்வளவே. சில மணி நேரத்தில் மீண்டும் ஓட வேண்டியவருக்கு, முதல் நான்கு மணி நேரம்வரை, மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிராம் மாவுச்சத்து தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 கிராம். கொட்டை நீக்கிய 100 கிராம் பேரீச்சம்பழத்தில் அதற்கு மேலேயே உண்டு. அத்துடன் பால், முட்டை, உப்பிட்ட கஞ்சி. அரிசியும் பருப்பும் கறியும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சியை முதலில் காய்ச்சியவர் ஓட்டக்காரராக இருந்திருப்பாரோ என்றுகூட நாம் எண்ணியதுண்டு!

வைட்டமின் கூடினால் நன்மைதானே என்பர். 2014இல் வெளியான நார்வே ஆய்வொன்றில் 54 பேர் 11 வாரம் பயிற்சி செய்தனர். ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி, இ மிகுந்த அளவில் தரப்பட்டது. ஓட்டத்திறன் இரு சாராருக்கும் ஒன்றுபோல் உயர்ந்தது. ஆனால் பயிற்சியால் தசையணுக்களில் தோன்ற வேண்டிய மாற்றங்கள் சில, வைட்டமின் உண்டோரிடம் மட்டுப்பட்டிருந்தன. காசைக் கொடுத்து வாங்கிய நட்டம் இது. இரும்புச்சத்து மாத்திரையோ, இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தவருக்கு மருத்துவர் தர வேண்டியது.

காஃபீனுக்குப் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் ரமழானில் தராவீஹுக்குப் பின் ஓடிவிட்டு, ஸஹருக்கும் எழும் இளைஞரிடம் குறைந்திருப்பது உறக்கம். இரவில் பருகும் காஃபீன் அதையும் பறித்துவிடும். அம்மாதம் ஓடும் தூரத்தைக் குறைத்து, நண்பகலில் கைலூலா உறங்கும் சகோதரர்களை நாம் அறிவோம். பெருநாள் கழிந்ததும் அவர்கள் பழைய தூரத்திற்குத் திரும்பிவிடுகிறார்கள்.