பெட்டி அசல், சரக்குப் போலி!

“ஒரிஜினல் வேணுமா அண்ணாச்சி, டூப்ளிகேட் போதுமா?”

நெல்லைச் சீமையிலே வண்டிக்குச் சாமான் வாங்கப் போன தோழர்களிலே பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பர். காப்பியா தேநீரா என்று கேட்பதுபோலக் கேட்கிறார் கடைக்காரர். கூச்சமில்லை; குரலைத் தாழ்த்துவதுமில்லை! ஆனாலும் இவர் பாதிக் குற்றவாளிதான். போலியைப் போலி என்றாவது சொல்லி விற்கிறார். முழுக் குற்றவாளி வேறொருவர் இருக்கிறார். அவர் கேள்வியே கேட்பதில்லை. அசலின் விலையை எண்ணி வாங்கிக்கொண்டு, அசலின் பெட்டியிலே போலியை வைத்துப் புன்னகையோடு நீட்டுகிறார்!

போலி நமக்குப் புதிதல்ல. அல்வாவிலே கண்டிருக்கிறோம். பெயர்பெற்ற கடையின் பெயரிலே ஓர் எழுத்தைக் கூட்டி, ஓர் எழுத்தைக் குறைத்துப் பலகை மாட்டுவார்கள். ஏமாந்தவர் நாலு வார்த்தை ஏசுவார், மறந்துவிடுவார். பிரேக் ஷூவிலே போலி வந்தால் மறக்க ஆள் இருப்பாரா? காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும் மலைச்சாலையை எண்ணிப் பாருங்கள். ஆள் நிறைந்த வேன், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறது. தரமான லைனிங் அந்தச் சூட்டைத் தாங்கும். மட்டக் கலவையிலே செய்தது, சூடேற ஏறப் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் மிதிக்கிறார், வண்டி நிற்க மறுக்கிறது!

ஆகாயத்திலேகூட இந்த அக்கிரமம் நடந்திருக்கிறது. 1989 செப்டம்பர் 8-ஆம் நாள், ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க்குக்குப் புறப்பட்ட நார்வே நாட்டு விமானமொன்று டென்மார்க் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. இருந்தவர் 55 பேர். 55 பேரும் மாண்டனர். வால் பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தரங்கெட்ட போலிகள் என்று விசாரணையிலே வெளிப்பட்டது. விரல் நீளச் சாமான், விமானத்தையே விழுங்கிற்று.

அங்கே விசாரணைக் குழு போல்ட்டைத் தேடிற்று. இங்கே? விபத்து நடந்த மறுகணம் தேடப்படுபவர் ஓட்டுநர். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா—பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு நாக்குச் சுளுக்குகிறது—அதன் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. “பிரேக் பிடிக்கவில்லை ஐயா” என்று ஓட்டுநர் கதறுவார். கேட்பார் யார்? பாகத்தை விற்றவரோ ஊதுபத்தி கொளுத்தி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு, அடுத்த வியாபாரத்தைத் தொடங்கியிருப்பார். கூலிக்கு ஓட்டும் தோழரின் நிலை இன்னும் கொடிது. சாமானை வாங்கியவர் முதலாளி, மாட்டியவர் மெக்கானிக், கம்பி எண்ணுபவர் இவர்!

ஆகவேதான் சொல்கிறோம்: பில்லை விடாதீர்கள். “பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்” என்பார் கடைக்காரர். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரிப்பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். நூற்றுக்குப் பதினெட்டு மிச்சம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். நமக்கிருக்கும் ஒரே சாட்சியை அந்தப் பதினெட்டுக்கு விற்றுவிட்டோம் என்பதை அறியாமல்! பில்லிலே பாகத்தின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். வெறும் “சாமான் வகை” என்று கிறுக்கித் தந்தால் ஏற்காதீர்கள்.

“தொழிலாளி மலிவைத் தேடுகிறான், மாட்டிக்கொள்கிறான்” என்று ஏளனம் பேசுவோரும் உண்டு. தவணைக்கு ஆட்டோ ஓட்டுபவர் மலிவைத் தேடாமல் மாளிகையையா தேடுவார்? மலிவு குற்றமல்ல. வேறொரு கம்பெனி தன் சொந்தப் பெயரையும் முகவரியையும் போட்டுக் குறைந்த விலைக்கு விற்றால், அது நேர்மையான சரக்கு. தரம் பார்த்து வாங்கலாம். அடுத்தவன் பெயரைத் திருடி ஒட்டியிருப்பதே போலி. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். எடையை, வார்ப்பை, பொறித்த எண்ணை ஒப்பிடுங்கள். பெட்டியிலே எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, தயாரித்த மாதமோ விலையோ இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். காலி ஆயில் டின்னைக் குத்தி ஓட்டை போட்டபின் எறியுங்கள், பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். இல்லையேல் நம் வீட்டுக் குப்பையே அவர்களுக்கு மூலதனம்!

சட்டம் இல்லாமலில்லை. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறியீட்டுச் சட்டம், போலிக் குறியிட்டு விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் சோதனையிட டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். கடிதம் போய்த் திரும்புவதற்குள் கடையிலே சரக்கு இருக்குமா? நுகர்வோர் சட்டம் சற்றே அருகில் இருக்கிறது. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வண்டி வைத்திருப்பவரும் நுகர்வோரே. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு, மாவட்ட ஆணையத்தில் வழக்கிடக் கட்டணமே கிடையாது.

அரசினரிடம் நாம் கேட்பது ஒன்று. விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிட்டு, இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று எழுதுகிறார். அந்தத் தாளிலே இன்னும் ஒரு வரி சேரட்டும்: வண்டியிலிருந்த பிரேக் பாகம் யாருடைய தயாரிப்பு, எந்தக் கடையில் வாங்கியது? பாகத்தைக் கழற்றி முத்திரையிட்டு, ஓட்டுநரோடு அதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டு வரட்டும்.