தராசு எல்லாருக்கும் ஒன்றுதான்

"இயற்கை விவசாயம் பண்றவனுக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு சார்?" நம் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. என் கருத்து நேர் எதிர். ரசாயன உரம் போடுகிறவருக்கு மூட்டையிலேயே கணக்கு அச்சடித்து வந்துவிடுகிறது. நமக்கு அப்படி இல்லை. அதனால் நாம்தான் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

வங்கியில் இருந்தபோது பார்த்தது இது. 12% வட்டி என்று எழுதியிருக்கும். வாங்கிய முழுத் தொகைக்கு 12% என்றால் ஒரு கணக்கு, குறைந்துவரும் பாக்கிக்கு 12% என்றால் வேறு கணக்கு. 'எதன் மேல் சதவீதம்?' என்று கேட்காதவர் கூடுதலாகக் கட்டுவார். உரத்திலும் அதே கதைதான்.

கணக்கு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு அணு எடை உண்டு. ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, பாஸ்பரஸ் 31. யூரியாவில் கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. கூட்டினால் 12 + 16 + 28 + 4 = 60. இந்த 60ல் நைட்ரஜன் 28. அதாவது 46.67%. மூட்டையில் 46% என்று போடுவது இதைத்தான். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து.

மணிச்சத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டி.ஏ.பி. மூட்டையில் 46 என்று எழுதியிருப்பது பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடு. பாஸ்பரஸ் இரண்டு 62, ஆக்சிஜன் ஐந்து 80, மொத்தம் 142. இதில் பாஸ்பரஸ் சுமார் 44%தான். ஆக 50 கிலோ மூட்டையில் 23 கிலோ என்று தெரிவது, உண்மையில் 10 கிலோ பாஸ்பரஸ். பொய் என்று சொல்லவில்லை. சாம்பலைச் சோதித்து ஆக்சைடாகக் கணக்கிட்ட பழைய வேதியியலாளர்களின் வழக்கம் இன்னும் தொடர்கிறது. ஆனால் ஒரு பொருளில் பாஸ்பரஸ் என்றும் இன்னொன்றில் பென்டாக்சைடு என்றும் எழுதியிருந்தால், இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2021ல் நானோ யூரியா வந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். அப்போது அதில் நைட்ரஜன் 4%. 500 மில்லிக்கு 20 கிராம். மூட்டையில் 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலை வழியாகப் போவதால் வீணாகாது என்கிறார்கள். சரி, ஒரு துளிகூட வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 கிராம் 20 கிராம்தானே? ஒரு டன் அரிசியில் சுமார் 70 கிலோ புரதம் இருக்கும். புரதத்தில் 16% நைட்ரஜன் என்பதால் 6.25ஆல் வகுத்தால் 11 கிலோ. வைக்கோலுக்குப் போனது தனி. இது எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும்?

இதைச் சொன்னால் நம் ஆட்கள் கைதட்டுவார்கள். ஆனால் அதே தராசில் நம் ஜீவாமிர்தத்தையும் வைக்க வேண்டும். ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீர். மாவில் சுமார் 70 கிராம் நைட்ரஜன், கோமியத்தில் 100 கிராம் சுமாருக்கு, சாணத்தில் ஒரு 40 கிராம். எல்லாம் சேர்த்தால் கால் கிலோவுக்குள். ஒரு போகத்தில் எட்டு தடவை விட்டாலும் 2 கிலோ.

உடனே யாரும் கோபப்பட வேண்டாம். ஜீவாமிர்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. அது உறைமோர் மாதிரி. உறைமோர் இருந்தால்தான் பால் தயிராகும். ஆனால் பால் இல்லாத பானையில் உறைமோரை மட்டும் ஊற்றிவிட்டுத் தயிரை எதிர்பார்க்க முடியாது. 'ஜீவாமிர்தம் மட்டும் போதும்' என்று புதிதாக வருகிறவரிடம் சொல்லி அனுப்புகிறோம். இரண்டு வருடத்தில் விளைச்சல் சரிந்து, அவர் மறுபடி யூரியா கடைக்கே போகிறார். அவர் போகும்போது இயற்கை விவசாயம் நடக்காது என்று ஊருக்கே சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நஷ்டம் நம் எல்லாருக்கும்.

பால் எது? தக்கைப்பூண்டும் சணப்பும்தான். ஏக்கருக்கு 5 டன் பச்சையாக மடக்கி உழுதால், காய்ந்த எடை ஒரு டன் அளவு. அதில் 3% என்றால் 30 கிலோ தழைச்சத்து. ஒன்றரை மூட்டை யூரியாவுக்கு நிகர். காற்றிலிருக்கும் 78% நைட்ரஜனில் ஒரு பங்கை வேர் முடிச்சு பிடித்துக் கொடுக்கிறது. விதைச் செலவும் உழவும் மட்டும் நம்முடையது. இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், எந்த விவசாயிக்கும் புரியும்.

சதவீதம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. தொழு உரத்தின் ஈரம் காக்கும் குணம், மண்புழுவுக்குக் கிடைக்கும் தீனி, சத்து எத்தனை நாளில் பயிருக்குச் சேரும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆனால் இல்லாத சத்தை இருப்பதாகச் சொல்கிறவரைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஆகவே ஒரு கோரிக்கை. இடுபொருள் விற்க யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை சதவீதம்? எந்த வடிவத்தில்? ஈரம் போக எவ்வளவு? பதில் சொல்லத் தடுமாறினால் பணத்தை எடுக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் பேசுகிறவர் நம்மவராகவே இருந்தாலும், இதே மூன்று கேள்வியை அவரிடமும் கேளுங்கள்.